கிளாசிக் ராக் கேட்பு அமர்வு: பாட்டைப் பகிர்வதும் கச்சேரி நினைவைப் பதிவதும்

பிடித்த ராக் பாட்டை நாலு பேரோடு உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள் என்றால், முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தப் பதிவைப் போடுவது என்பதை. பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் போதாது. தி டோர்ஸ் குழுவின் ‘லைட் மை ஃபயர்’ 1967 ஆல்பத்தில் ஏழு நிமிடம் ஓடும். வானொலிக்காக வெட்டிய சிங்கிள் (தனித்தட்டாக வந்த பதிவு) ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். ஆர்கனும் அதைத் தொடர்ந்து கிட்டாரும் வாசிக்கும் நீண்ட நடுப்பகுதி அதில் கிடையாது. ஒருவர் அந்த நடுப்பகுதியை நினைத்து உருகுகிறார், இன்னொருவர் சிங்கிளைப் போடுகிறார் என்றால் பேச்சு ஒட்டவே ஒட்டாது. டெரெக் அண்ட் த டாமினோஸின் ‘லைலா’விலும் இதே சிக்கல் உண்டு. முதலில் வந்த சிங்கிளில் பாட்டின் பின்பாதியான பியானோ பகுதி முழுவதும் காணாமல் போயிருக்கும்.

ஆகவே பாட்டைக் கொண்டுவரும் ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் இவற்றை எழுதிக்கொண்டு வரட்டும்: குழு, பாட்டு, ஆல்பம், முதலில் வெளியான ஆண்டு, ஸ்டுடியோப் பதிவா மேடைப் பதிவா, மோனோவா (ஒரே தடத்தில் வரும் ஒலி) ஸ்டீரியோவா (இடம், வலம் என இரண்டாகப் பிரிந்து வரும் ஒலி), ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியைப் பிற்காலத்தில் மெருகேற்றி வெளியிட்டது) என்றால் எந்த ஆண்டினுடையது, கடைசியாகப் பாட்டின் நீளம் நிமிடமும் வினாடியுமாக. நீளத்தைத்தான் அதிகம் நம்பலாம். இரண்டு பதிவுகள் ஒன்றா வேறா என்ற சந்தேகத்தை அது பெரும்பாலும் அங்கேயே தீர்த்துவிடும்.

ஸ்ட்ரீமிங் செயலியில் தேடும்போது இரண்டு பொறிகள் இருக்கின்றன. அங்கே காட்டும் ஆண்டு பல சமயம் தொகுப்பு வெளியான ஆண்டு; பாட்டு அதற்கு முப்பது வருடம் மூத்ததாக இருக்கும். இன்னொன்று இதைவிட மோசம். பழைய குழுக்கள் சில, மூலப் பதிவின் உரிமை இசை நிறுவனத்திடம் இருப்பதால், தங்கள் வெற்றிப் பாடல்களைப் பிற்காலத்தில் மறுபடி பாடிப் பதிவு செய்திருக்கின்றன. மலிவான ‘சிறந்த பாடல்கள்’ தொகுப்புகளில் இந்த மறுபதிவுகள் கலந்து கிடக்கும். குரலில் வயது தெரியும், டிரம்ஸ் ஒலி காலத்துக்கு ஒட்டாது. நீளத்தை மூல ஆல்பத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

மோனோ, ஸ்டீரியோ வித்தியாசத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். பீட்டில்ஸின் 1967 ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பத்துக்கு இரண்டு தனித்தனி மிக்ஸ்கள், அதாவது குரலையும் கருவிகளையும் சேர்த்த ஒலிக்கலவைகள், உண்டு. ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ மோனோவில் வேகமாகவும் சுருதி உயர்ந்தும், ஸ்டீரியோவில் மெதுவாகவும் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் முதல்முறை கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். இப்படி ஒரு ஜோடியை அமர்வின் தொடக்கத்தில் வைத்தால் காதுகள் கூர்மையாகிவிடும்.

நேரக் கணக்கு

ஆறு பேர், ஆளுக்கு இரண்டு பாட்டு, சராசரி ஆறு நிமிடம் என்றால் இசை மட்டும் 72 நிமிடம். ஒவ்வொரு பாட்டுக்கும் பேச மூன்று நிமிடம் சேர்த்தால் 108. நடுவில் பத்து நிமிட இடைவேளை. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குமேல் காதும் கவனமும் களைத்துப்போகும். ஆள் அதிகமானால் பாட்டைக் குறையுங்கள், பேச்சைக் குறைக்காதீர்கள். மேடைப் பதிவு கொண்டுவருபவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டீப் பர்ப்பிளின் ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பத்தில் ‘ஸ்பேஸ் ட்ரக்கின்’ ஏறக்குறைய இருபது நிமிடம், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் அதுவே. அதைப் போட்டால் அவருடைய இரண்டு வாய்ப்பும் அதிலேயே தீர்ந்தது.

பாட்டு ஓடும்போது யாரும் பேசக் கூடாது. போடுபவர் தொடங்கும் முன் ஒரே ஒரு இடத்தை மட்டும் சுட்டிக்காட்டலாம். உதாரணமாக, லெட் செப்பலினின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ ஸ்டுடியோப் பதிவில் நாலு நிமிடம் தாண்டும்வரை டிரம்ஸ் வராது என்று சொல்லிவிட்டு விடுங்கள். அதற்குமேல் விளக்கினால் கேட்பவர் சொன்னதைத்தான் தேடுவார், தானாக எதையும் கண்டுபிடிக்க மாட்டார்.

ஒலி அளவைச் சமன் செய்தல்

இதைச் செய்யாத அமர்வுகளில் எப்போதும் சத்தமான பாட்டே ஜெயிக்கும். ஒரே பாட்டை ஓரிரு டெசிபல் கூட்டி வைத்தாலே காது அதைத் ‘தெளிவாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும். 1980களின் சிடியோடு ஒப்பிட்டால் பிற்கால ரீமாஸ்டர் பல டெசிபல் உரக்க இருக்கலாம். சத்தத்தைக் கூட்ட உச்சிகளை நசுக்கியிருப்பார்கள். அதனால் டிரம்ஸ் அடியின் வீச்சு போய்விடும்.

முதல் நாளே செய்ய வேண்டியது: ஒவ்வொரு பாட்டிலும் முழுக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் பகுதியில் இருபது வினாடி போடுங்கள். கேட்பவர் உட்காரும் இடத்தில் போனை வைத்து, டெசிபல் காட்டும் ஏதாவது ஒரு செயலியில் சராசரியைப் பாருங்கள். 78 டெசிபல் பக்கம் வரும்வரை வால்யூமைச் சரிசெய்து அந்த வால்யூம் எண்ணைச் சீட்டில் எழுதுங்கள். போன் அளவீடு சில டெசிபல் தப்பாக இருக்கலாம். ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து அளந்தால் பாட்டுக்குப் பாட்டு ஒப்பீடு சரியாகவே வரும். மெல்லத் தொடங்கும் பாட்டை அதன் தொடக்கத்தை வைத்து அளந்துவிடாதீர்கள், உச்சத்தில் அறை அதிரும்.

செயலியே ஒலியைச் சமன் செய்யும் வசதி வைத்திருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் பாட்டு பாட்டாகச் சமன் செய்வதா, ஆல்பமாகச் செய்வதா என்று பார்க்க வேண்டும். பிங்க் ஃபிலாய்டின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ போன்ற ஆல்பத்தில் பாடல்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிச் செல்லும். பாட்டு பாட்டாகச் சமன் செய்தால் இணைப்பில் சத்தம் திடீரென ஏறி இறங்கும். அதேபோல் பாடல்களுக்கு இடையே மௌனம் விழாத அமைப்பு செயலியில் இயங்குகிறதா என்றும் முன்பே போட்டுப் பாருங்கள். புளூடூத் ஸ்பீக்கர் சிலவற்றில் அந்தச் சிறு வெட்டு தெளிவாகக் கேட்கும்.

சத்தமாகக் கேட்கத்தான் ராக் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பணியிடப் பாதுகாப்புக்காக அமெரிக்காவின் நையோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். கச்சேரிக்குப் போகிறவர்கள் எல்லா அலைவரிசையையும் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பான் வாங்கிக்கொள்வது நல்லது. சாதாரண நுரை அடைப்பான் உச்ச ஒலிகளை அதிகமாக விழுங்கிவிடும், சிம்பல்கள் மங்கிப்போகும்.

இசைத்தட்டு போடுபவர்களுக்கு

ஊசியின் அழுத்தத்தை அளந்து வையுங்கள். கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சிறு பாகம்) தயாரித்தவர் சொன்ன எடைதான் சரி. பல கார்ட்ரிட்ஜ்களில் அது 1.5 முதல் 2 கிராம். குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்ற எண்ணம் தவறு, பள்ளத்தில் சரியாக அமராத ஊசி துள்ளித்துள்ளிச் சுவரைக் காயப்படுத்தும்.

பக்கத்தின் கடைசிப் பாட்டு கரகரத்தால் உடனே ஊசியைக் குற்றம் சொல்லாதீர்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் வெளி விளிம்பில் பள்ளம் வினாடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் ஓடுகிறது, உள்ளே வரும்போது 21 ஆகிவிடுகிறது. அதே ஒலி அலை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்படுவதால் உச்ச ஒலிகள் சிதைகின்றன. கார்ட்ரிட்ஜ் கோணத்தைச் சரிசெய்தால் குறையும், முழுவதும் போகாது. இன்னொரு விசேஷம்: தி ஹூ குழுவின் ‘லைவ் அட் லீட்ஸ்’ 1970 தட்டில் வரும் சொடக்கு ஒலிகள் மூலப் பதிவிலேயே இருந்தவை. அவற்றைத் திருத்த வேண்டாம் என்று தட்டின் லேபிளிலேயே எழுதியிருக்கிறது.

டர்ன்டேபிளை ஸ்பீக்கர் இருக்கும் மேசையிலேயே வைத்தால் பாஸ் அதிர்வு ஊசிக்குத் திரும்பி வந்து ‘ஊம்’ என்று ஊளையிடும். சுவரில் பதித்த தனிப் பலகையில் வையுங்கள்.

கச்சேரி நினைவு

இங்கேதான் அதிக அக்கறை வேண்டும். நேரில் கண்ட கச்சேரியின் நினைவும், பிற்காலத்தில் பார்த்த வீடியோவும், நூறு தடவை கேட்ட மேடை ஆல்பமும் மனத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் கலந்தபின் பிரிப்பது கடினம், ஆகவே வரிசை முக்கியம்.

முதலில், எதையும் தேடிப் பார்க்காமல் பத்து நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். மேடைக்கு எந்தப் பக்கம் நின்றீர்கள்? அந்தப் பக்கத்தில் வாசித்தவர் யார்? முதன்மைக் குழுவுக்கு முன் யார் வந்தார்கள்? எது கேட்காமல் போனது, எது பழுதானது? யாரோடு போனீர்கள், எப்படித் திரும்பினீர்கள்? கேட்பவர் விடையைக் கேள்விக்குள் வைத்துவிடக் கூடாது. ‘அந்தப் பாட்டை வாசித்தார்களா?’ என்றால் ‘ஆமாம்’ என்றே பதில் வரும். ‘கடைசியில் என்ன வாசித்தார்கள்?’ என்று கேளுங்கள்.

அடுத்து, பேசிப் பதிந்ததை எழுதி மூன்றாகக் குறியிடுங்கள்: நேரில் கண்டது, அன்று கூட வந்தவர் சொன்னது, பின்னால் படித்தது அல்லது பார்த்தது. தொலைக்காட்சி நேரலைகளில் இந்தக் குறி மிக அவசியம். 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளியில் நடந்த லைவ் எய்ட் நிதி திரட்டும் கச்சேரியில் குவீன் குழு வாசித்த இருபது நிமிடச் சொச்சத்தை மைதானத்தில் கண்டவர்களைவிட டிவியில் கண்டவர்களே பல மடங்கு. இருவர் நினைவும் மதிப்புள்ளது, ஆனால் டிவியில் பார்த்தவர் கேட்டது வேறு ஒலிக்கலவை.

அதன்பிறகே சரிபார்ப்பு. டிக்கெட், சுவரொட்டி, அன்றைய செய்தித்தாள், ரசிகர்கள் தொகுத்த அன்றைய பாடல் வரிசை எல்லாவற்றையும் பாருங்கள், ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவின் அறிவிப்பில் 1969 ஆகஸ்ட் 15, 16, 17 என்று இருந்தது. அதில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையேறியது 18ஆம் தேதி திங்கள் காலை. சுவரொட்டியை மட்டும் பார்த்து ஒருவரின் ‘திங்கள் காலை’ நினைவைத் திருத்தியிருந்தால் சரியானதை அழித்திருப்போம்.

மேடை ஆல்பத்தைச் சாட்சியாக வைப்பதில் இன்னும் கவனம் தேவை. ‘மேட் இன் ஜப்பான்’ 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகாவிலும் 17 டோக்கியோவிலும் நடந்த மூன்று கச்சேரிகளிலிருந்து தொகுத்தது. ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ 15ஆம் தேதிக்குரியது, ‘லேஸி’ 17க்குரியது. டோக்கியோவில் இருந்தவர் அன்று கேட்ட ‘ஸ்மோக்’ வேறு மாதிரி இருந்தது என்றால் அவர் சொல்வது சரி. சில மேடை ஆல்பங்களில் ஸ்டுடியோவில் மறுபடி பாடியும் வாசித்தும் சேர்த்திருக்கிறார்கள். கிஸ் குழுவின் 1975 ‘அலைவ்!’ அப்படிப்பட்டது. நினைவும் ஆதாரமும் முரண்பட்டால் சொன்னதை அடிக்காமல், பக்கத்தில் ஆதாரத்தை எழுதி வையுங்கள்.

டிக்கெட்டும் கேசட்டும்

வெப்ப அச்சு டிக்கெட்டை லாமினேட் செய்தால் சூட்டில் முழுதும் கறுத்துவிடும். பிவிசி உறையும் வேண்டாம், அதிலிருந்து கசியும் பொருள் எழுத்தை மங்க வைக்கும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் உறையில் போட்டு, வெளிச்சம் படாமல் வையுங்கள். அதற்கு முன் இரு பக்கமும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

கூட்டத்திலிருந்து பதிந்த பழைய கேசட் கிடைத்தால், முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிந்துவிடுங்கள்; இரண்டாம் தடவை நாடா தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு போதும். உச்சி அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். பிளேயரில் நாடாவைப் படிக்கும் தலையின் கோணம் பதிந்த கருவியோடு பொருந்தாவிட்டால் ஒலி மந்தமாக இருக்கும்; தலையின் பக்கத்திலுள்ள சின்ன ஸ்குரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, கைதட்டல் மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

பாட்டு எல்லாம் வேகமாக, சுருதி ஏறி ஓடினால், பதிந்த அன்று பேட்டரி தளர்ந்து மோட்டார் மெதுவாக ஓடியிருக்கிறது என்று பொருள். பேட்டரி போகப்போகத் தளர்வதால் கச்சேரியின் முடிவில் பிழை கூடும். ஒரே திருத்தத்தை முழு நாடாவுக்கும் போடாமல் பாட்டுக்குப் பாட்டு செய்யுங்கள். ஸ்டுடியோப் பதிவின் சுருதிக்கு இழுத்துவைக்கும் முன் அந்தக் குழு மேடையில் அரை சுரம் இறக்கி வாசிக்குமா என்று பாருங்கள். ஹென்ட்ரிக்ஸ் பெரும்பாலும் அப்படித்தான் வாசித்தார்.

திருத்தாத மூலக் கோப்பைத் தனியே வைத்து, அதற்கும் திருத்திய கோப்புக்கும் ஆண்டு-மாதம்-நாள், குழு, ஊர் என்ற வரிசையில் பெயரிடுங்கள். பேசிப் பதிந்த நினைவும் டிக்கெட் ஸ்கேனும் கணினியில் அதே கோப்புறையில், அதே பெயர் வரிசையில் இருக்கட்டும். ஒரு நகல் வேறொருவர் வீட்டில் இருக்க வேண்டும்.