பழைய படங்களில் ஹேக்கிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளிடம் பழைய ஹேக்கிங் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், 'எல்லாம் ரீல் சார்' என்று சிலர் தள்ளிவிடுவார்கள். வேறு சிலர், ரெண்டு நிமிஷத்தில் எந்த சிஸ்டத்துக்குள்ளும் புகுந்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

மொத்தமாகத் தள்ளுவதுதான் பெரிய தவறு. 1983இல் வந்த 'வார் கேம்ஸ்' படத்தில் ஒரு பையன் மோடம் (போன் லைன் வழியாகக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் கருவி) வைத்து வரிசையாக போன் நம்பர்களுக்கு டயல் செய்யவிட்டு, எங்கே கம்ப்யூட்டர் பதில் தருகிறது என்று பார்ப்பான். அன்றைக்கு நிஜமாகவே வேலை செய்த வழி அது. அந்த வழிக்கு 'வார் டயலிங்' என்ற பெயரே இந்தப் படத்தை ஒட்டி வந்ததுதான். அதைவிட முக்கியம் பள்ளிக்கூட ஆபீஸ் காட்சி. மார்க்கை மாற்ற அவன் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. மேஜையில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டு பட்டியலை எட்டிப் பார்க்கிறான். பழையதெல்லாம் அடித்திருக்கிறது, கடைசியில் இருப்பது 'பென்சில்'. அவ்வளவுதான்! படத்தைப் பார்த்த அமெரிக்க அதிபர் ரீகன், இப்படி நடக்குமா என்று ராணுவத் தலைமையிடம் விசாரித்தார். 1984இல் கணினிப் பாதுகாப்புக்கென்று ஓர் உத்தரவே பிறந்தது.

'ஜுராசிக் பார்க்' சிறுமி பார்க்கும் முப்பரிமாணத் திரையையும் கிண்டல் செய்ய வேண்டாம். கம்ப்யூட்டரில் உள்ள ஃபைல்களை அப்படிக் காட்டும், சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியின் நிஜ மென்பொருள் அது. 2003இல் வந்த 'மேட்ரிக்ஸ் ரீலோடட்'டில் ஓடும் என்மேப், ஒரு நெட்வொர்க்கில் எந்தெந்தக் கம்ப்யூட்டர்கள், அவற்றில் எந்த வழிகள் திறந்திருக்கின்றன என்று பார்க்க இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கும் கருவி.

சரி, எதை நம்பக் கூடாது? பாஸ்வேர்டு ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் சிக்குவதை. ஒழுங்கான சிஸ்டம், முழு பாஸ்வேர்டும் சரியா தப்பா என்று மட்டும்தான் சொல்லும். மூன்றாவது எழுத்து சரி என்று துப்புக் கொடுக்காது. கீபோர்டு தடதடக்கும் வேகமும் சினிமாவுக்கானது. நிஜத்தில் பெரும்பாலான நேரம் பொறுமையாகத் தகவல் திரட்டுவதிலேயே போகும்.

அப்புறம், பார்த்ததைக் காலேஜ் சர்வரில் முயன்று பார்க்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சொந்த லேப்டாப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள்ளேயே தனியாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரியான மென்பொருள்) போட்டுப் பழகுங்கள்.

அந்த ஆபீஸ் காட்சி இன்னும் பழசாகவில்லை. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுக்கப் போனால் கவனியுங்கள். மானிட்டர் ஓரத்தில் செலோடேப் போட்ட துண்டுச் சீட்டு, அதில் பால்பாயின்ட் பேனாவில் ஐடியும் பாஸ்வேர்டும். தெரிந்த கடை என்றால் உடனே கிழித்துப் போடச் சொல்லுங்கள்.