பிராங்கு அரசுகளின் பாகப்பிரிவினையைத் தாளில் வரைந்து விளங்கிக்கொள்ளும் முறை

களியக்காவிளைப் பக்கம் தமிழ்வழியில் வரலாறு படிப்பவர்களுக்கு, சகோதரியின் மகனுக்குப் பட்டம் சென்ற திருவிதாங்கூரின் மருமக்கள் வழி பழகிய செய்தி என்பதால், இடைக்காலத் தொடக்கத்தில் இன்றைய பிரான்சையும் அதை அடுத்த பகுதிகளையும் ஆண்ட பிராங்கு அரசர்கள் நாட்டையே குடும்பச் சொத்தாக மகன்களுக்குப் பங்கிட்டது முதலில் விளங்காது. எனவே ஆண்டுகளை மனப்பாடம் செய்யாமல், பாகப்பத்திரம் எழுதுவது போலத் தந்தையின் பெயரையும் அவர் இறந்த ஆண்டையும் தாளின் மேலே எழுதி, மகன்களை அதன் கீழே வரிசைப்படுத்த வேண்டும்.

முதல் தாள், பிராங்குகளை ஒரே ஆட்சியின்கீழ் கொண்டுவந்த அரசர் குளோவிசுக்கு உரியது. 511-இல் அவர் இறந்தபோது தியூடெரிக் ரைம்ஸையும், குளோடோமர் ஓர்லியான்ஸையும், சில்டெபெர்ட் பாரிஸையும், குளோதார் சுவாசோனையும் தலைமையிடமாகப் பெற்றனர். இங்கேயே அடுத்த தலைமுறைக்குத் தாவிவிடக் கூடாது; பங்காளி ஒருவர் இறந்தால் அவருடைய பங்கு யாரிடம் சேர்ந்தது என்பதை அம்புக்குறியால் காட்டுவதே இந்த வேலையின் உயிர். 524-இல் குளோடோமர் போரில் மாண்ட பிறகு, அவருடைய சிறு பிள்ளைகளில் இருவரைச் சித்தப்பன்மாரே கொன்றனர். நம் ஊர் வரப்புத் தகராறு இதற்கு முன் எம்மாத்திரம்! 558-இல் எல்லா அம்புகளும் குளோதாரிடம் சேரும். 561-இல் அவர் இறந்ததும் மீண்டும் நான்கு பங்கு.

அதன்பின் பிராங்கு நாட்டின் மூன்று பெரும் பகுதிகளான ஆஸ்திரேசியா, நியூஸ்திரியா, பர்கண்டி ஆகியவற்றுக்கு மூன்று வண்ணங்கள் போதும். 751-இல் பெப்பின் அரசரானதும் வம்சம் மாறுவதால் புதிய தாள் எடுக்க வேண்டும். பங்கீட்டு வழக்கம் மட்டும் மாறவில்லை. 843-இல் பெப்பினின் கொள்ளுப்பேரர்களான சகோதரர் மூவர் செய்த வெர்டன் உடன்படிக்கைப்படி மேற்கு சார்லசுக்கும், கிழக்கு லூயிக்கும், நடுப்பகுதி மூத்தவரான லோதாருக்கும் சென்றன. லோதாரின் பங்கைப் பென்சிலால் வரைவது நல்லது. 855-இல் அதுவும் மூன்றாக உடைந்தது.