இன்னைக்கு ஸ்கூல்ல என்ன கண்ணு நடந்துச்சு? ஆட்டிசம் உள்ள பிள்ளையைச் சொல்ல வைக்கும் வழி

வேனில் இருந்து இறங்கியதுமே அம்மிச்சி முதல் எதிர்வீட்டு அக்கா வரைக்கும் கேட்பது, "இன்னைக்கு என்ன கண்ணு பண்ணுனே?" ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இது ரொம்பக் கடினமான கேள்வி, ஏனென்றால் நாள் முழுக்க நடந்ததில் எதை எடுப்பது, எங்கே தொடங்குவது என்பதற்கு அதில் ஒரு பிடியும் இல்லை. பிடியை நாம்தான் கொடுக்க வேண்டும்.

படி 1: வந்தவுடன் எதுவும் கேட்காதீர்கள். பொரியோ முறுக்கோ கொடுத்துக் கொஞ்ச நேரம் சும்மா விடுங்கள்.

படி 2: பள்ளியிலிருந்து துப்பு வாங்குங்கள். டைரியில் ஒரு வரி, முடிந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. "மிஸ், இன்னைக்கு வழக்கத்துக்கு மாறா ஏதாவது நடந்துச்சுங்களா?" என்று கேட்டால் போதும். இது இல்லாவிட்டால் பிள்ளை சொல்வது நமக்குப் பிடிபடாது.

படி 3: முதலில் உங்கள் கதையைச் சொல்லுங்கள். "அப்பா கம்பெனியில இன்னைக்குக் கரண்ட் போயிருச்சு, எல்லாரும் சும்மா உக்காந்திருந்தோம்" என்று திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிற அப்பா சொல்லலாம். அப்புறம் போட்டோவைக் கையில் கொடுத்து, "அட, மண்ணுல விளையாடியிருக்கே!" சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள் (நம் வாய்தான் சும்மா இருக்காது). பதில் வராவிட்டால் இரண்டில் ஒன்று கேளுங்கள்: "கவின்கூடவா, யாழினிகூடவா?" சில பிள்ளைகள் கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்வார்கள், அதனால் பெயர்களை இடம் மாற்றி இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.

படி 4: சாப்பிடும்போது திடீரென்று "வரிசையில நில்லு, வரிசையில நில்லு" என்று ஆரம்பித்தால் அடக்காதீர்கள். எப்போதோ கேட்ட பேச்சை அப்படியே சொல்வது ஆட்டிசத்தில் சகஜம், அதுவே அன்றைய செய்தியாகவும் இருக்கலாம். "பிரேயர்ல வரிசையில நின்னியா சாமி?" என்று கேட்டு, டைரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிலசமயம் டிவி விளம்பரமாகவும் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

பேச்சே வராத பிள்ளை படத்தைத் தொட்டுக் காட்டினால் அதுவும் சொன்ன மாதிரிதான். சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் இருக்கிறது, படத்தைத் தொட்டால் அது பேசும். படம் பழகினால் பேச்சு வராது என்று உறவுக்காரர்கள் பயமுறுத்துவார்கள், ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. செயலியோ, படம் ஒட்டிய அட்டையோ, சாப்பாடு, விளையாட்டோடு நிறுத்திவிடாமல் "வலிக்குது", "அடிச்சாங்க", "பிடிக்கல" என்ற மூன்றையும் முதல் நாளே சேர்த்து, வீட்டுக்கு ஒன்று, பள்ளிப் பையில் ஒன்று என்று வைத்துவிடுங்கள்.