ஊட்டியில் பழைய பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறீர்களா?

மலைப் பள்ளி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஹாஸ்டல்தான் நினைவுக்கு வரும். லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-லேயே தொடங்கியது. பெட்டி படுக்கையோடு வந்து படிக்கிற ஊர் என்ற பெயர் அன்றிலிருந்து நிலைத்துவிட்டது. ஆனால் காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகளுக்கும் இங்கே நூறு வருஷம் தாண்டிய பள்ளிகள் உண்டு. நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் நினைவாக 1874-இல் தொடங்கிய பிரீக்ஸ் பள்ளியை இந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. இப்படியொரு பழைய தனியார் பள்ளியில் ஓய்வு பெறும்வரை அறிவியல் நடத்தினேன். என் பிள்ளைகளும் டே ஸ்காலர்களாகவே படித்தார்கள். மாற்றலாகி வருகிறவர்களும் சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்து (படுகர் ஊர்களிலிருந்து) முதல் தடவையாக டவுனுக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்களும் என்னிடம் கேட்பதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

பள்ளிக் கட்டடத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் வழியைப் பாருங்கள். மலையில் கிலோமீட்டர் கணக்கு உதவாது. பள்ளி நடக்கும் ஒரு நாள் காலையில், பிள்ளை போகப்போகும் அதே பஸ்ஸில் அல்லது வேன் போகும் அதே பாதையில் நீங்கள் போய்ப் பாருங்கள். உங்கள் ஸ்டாப் வேனுக்கு முதல் ஸ்டாப்பா, கடைசி ஸ்டாப்பா என்று கேளுங்கள். காலையில் முதலில் ஏறி மாலையில் கடைசியில் இறங்கும் பிள்ளை, வளைவு வளைவாகச் சுற்றியே களைத்துப்போகும். அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பள்ளியும் பயன்படாது. எட்டாம் வகுப்புவரை பக்கத்தில் படிக்க வைத்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் டவுனுக்கு மாற்றினால் ஒன்றும் குறைந்துவிடாது என்று பல வீடுகளில் சொல்லியிருக்கிறேன்.

பள்ளி வாகனங்களுக்கு 2012-இல் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. வேனில் உதவியாளர் இருக்கிறாரா, அவசர வழிக் கதவு திறக்கிறதா என்று நீங்களே ஏறிப் பாருங்கள். ஸ்டாப் வளைவில் இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். மூடுபனியில் டிரைவருக்குப் பிள்ளை நிற்பது தெரியாது. தேயிலைத் தோட்டம் வழியாக நடந்து வரும் பிள்ளைகளைத் தனியாக அனுப்பவே வேண்டாம். காட்டெருமை பாதையில் நின்றால் அது போகும்வரை தள்ளி நிற்க வேண்டும். கல் எறிவதோ குறுக்கே ஓடுவதோ கூடாது. இதைப் பெரியவர் ஒருவர் கூடவே போய், இடத்தைக் காட்டிச் சொல்லித்தர வேண்டும். ஏப்ரல் தேர்வு நேரத்தில் சீசன் கூட்டமும் தொடங்கிவிடும். டவுன் நடுவில் உள்ள சேரிங்கிராஸ் சந்திப்பைக் கடக்க வேண்டிய பிள்ளைகள் அரை மணி நேரம் முன்பே கிளம்பட்டும்.

மழை விடுமுறை பற்றி ஒன்று. நீலகிரியில் ஆறு தாலுகா. கலெக்டர் பல சமயம் தாலுகா வாரியாகத்தான் விடுமுறை அறிவிப்பார். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா, ஊட்டிப் பக்கம் அடிக்கும். அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெய்யும். வீடு ஒரு தாலுகா, பள்ளி இன்னொரு தாலுகா என்றால் பள்ளி திறந்திருக்கும், உங்கள் ரோடு அடைபட்டிருக்கும். அப்படிப்பட்ட நாளில் வருகைப் பதிவை எப்படி எழுதுவார்கள் என்று சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.

யூனிஃபார்ம் மூன்று செட் வேண்டும், சாக்ஸ் அதற்கும் மேல். ஜூலையில் துணி காயவே காயாது. ஈர ஷூவுக்குள் இரவில் செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். பையில் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ் எப்போதும் இருக்கட்டும்; நனைந்த காலோடு நாள் முழுக்க உட்கார்ந்த பிள்ளை பாடத்தைக் கேட்காது. டிசம்பர், ஜனவரியில் காலையில் உறைபனி, பதினோரு மணிக்குச் சுள்ளென்று வெயில். அதனால் கனமான ஒரே ஸ்வெட்டரைவிட உள்ளே ஒன்று வெளியே ஒன்றாகப் போட்டு அனுப்புவது நல்லது. சாப்பாடு சூடு தாங்கும் டப்பாவில், தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில். ஒரு தடவை குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இந்த மாவட்டத்தில் தடை.

இனி பள்ளிக்குள் வருவோம். பழைய கட்டடம் பார்க்க அழகுதான். ஆனால் தகரக் கூரை போட்ட வகுப்பில் மழை வலுத்தால் மூன்றாவது பெஞ்சுக்கு மேல் டீச்சர் குரல் கேட்காது. மேகம் இறங்கினால் பகலிலேயே கரும்பலகை மங்கும். பிள்ளை 'புரியல' என்று சொன்னால் உடனே டியூஷனுக்கு ஓடாதீர்கள். கண்ணைப் பரிசோதியுங்கள், எந்த பெஞ்சில் உட்காருகிறது என்று கேளுங்கள். மதிப்பெண் குறைகிறதே என்று கவலைப்பட்ட பெற்றோர் பலரிடம் நான் முதலில் கேட்டது இந்த இரண்டையும்தான்.

டே ஸ்காலர் பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய லாபம், காலையில் படித்தது அன்று மாலையே வீட்டு அடுப்படிக்கு வந்துவிடுவது. எங்கள் ஆய்வகத்தில் தண்ணீர் கொதிக்க வைக்கும் பாடம் ஒன்று உண்டு. தெர்மாமீட்டர் 92, 93 டிகிரிக்கு ஏறி நின்றுவிடும். குமிழி தளதளவென்று வரும், பாதரசம் மட்டும் நகராது. புத்தகத்தில் 100 என்று இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நோட்டில் 100 என்றே எழுதிவிடுவார்கள். பார்த்ததை எழுது என்பேன். ஊட்டி கடல் மட்டத்துக்குச் சுமார் 2,240 மீட்டர் மேலே இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது என்று காரணம் சொல்லிவிட்டு, குக்கர் இல்லாமல் பருப்பு வேக எவ்வளவு நேரமாகிறது என்று வீட்டில் பார்த்துவரச் சொல்வேன். மறுநாள் அவர்கள் கொண்டுவரும் பதிலில் பாட்டி, விறகு அடுப்பு, மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் பருப்பு சட்டென்று வெந்த கதை எல்லாம் இருக்கும். அந்த வகுப்புகளுக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்று சொல்லலாம். ஆகவே மாலையில் 'இன்னைக்கு என்ன மார்க்?' என்று கேட்காமல் 'இன்னைக்கு என்ன பார்த்தே?' என்று கேளுங்கள். அடுப்பைப் பற்றவைத்து, அதை மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள்.

பள்ளியின் வயதையும் பயன்படுத்துங்கள். ஹாலில் பெயர்ப் பலகை மாட்டியிருப்பார்கள், பழைய சேர்க்கைப் பதிவேடும் இருக்கும். உங்கள் வீட்டில் தாத்தாவோ அத்தையோ அங்கே படித்திருந்தால், எந்த வருஷம், எந்த அறை என்று பிள்ளையே அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போகட்டும். வரலாற்று டீச்சரிடம் காட்டினால் மகிழ்ந்துபோவார்.

மொழி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் படுகர் மொழியான படுகு பேசுவோம், கடைவீதியில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம். மூன்றும் பிள்ளைக்குத் தானாக வரும். தமிழ் பேசியதற்கு அபராதம் வாங்கும் வழக்கம் எந்தப் பள்ளியிலாவது இருந்தால், போய் மறுத்துப் பேசுங்கள். வாயைத் திறக்கப் பயந்த பிள்ளை எந்த மொழியிலும் சந்தேகம் கேட்காது.

கட்டணத்துக்கு, 2009 சட்டப்படி அமைந்த குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டு, கட்டியதற்கு ரசீது வாங்குங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடம் தொடக்க வகுப்புக்குத்தான். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அது பொருந்தாது. இங்கே பழைய பள்ளிகள் பலவும் அந்த வகை என்பதால் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, டவுனில் ஒரு வீடு பார்த்து வையுங்கள். வாடகைக்கு இல்லை, ரோடு அடைபட்டால் பிள்ளை போய் உட்கார ஒரு உறவுக்காரர் வீடோ நண்பர் வீடோ. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர்ப் பக்கம் மண்சரிந்தது நினைவிருக்கும். மரம் விழுந்து வழி அடைபடுவதோ ஒவ்வொரு மழைக்கும் நடப்பது. பள்ளி திறப்பதற்கு முன்பே ஒருநாள் மாலை பிள்ளையை அந்த வீட்டுக்குப் பள்ளிவாசலிலிருந்து நடத்தியே கூட்டிப்போங்கள். அந்த வீட்டு முகவரி, போன் நம்பர், யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்பதையெல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஜூன் முதல் வாரமே வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். இன்னொரு பிரதி வேன் டிரைவரிடம் இருக்கட்டும்.