பாட்டுக்கு முந்தைய இரண்டு நிமிடம்: கதை சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் விசேஷ ஆராதனை என்றால், பாட்டுக்கு முன்னால் ஒருவர் எழுந்து அந்தப் பாட்டு பிறந்த கதையைச் சொல்வதுண்டு. நல்ல வழக்கம். தமிழ் நன்றாகத் தெரிந்த பெரியவர்களும், தமிழை ஆயாவின் வாயிலிருந்து காதால் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இடத்தில், பாட்டின் பொருளை இரு தரப்புக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தக் கதைதான். ஆனால் புதிதாகக் கதை சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் வரிசையாக அதே குழிகளில் விழுகிறார்கள். பழைய ஆட்களும் அவற்றில் விழுந்து எழுந்தவர்கள்தான்; அதனால்தான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை.

மைக்கை விரலால் தட்டுவது, கதையைப் பிரசங்கமாக இழுப்பது எல்லாம் இரண்டாம் தடவையில் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றைப் பற்றி மட்டும் இங்கே.

புயலையும் பாட்டையும் ஒரே இரவில் முடிப்பது

‘அமேசிங் கிரேஸ்’ பாட்டுக்குக் கதை சொல்பவர்கள், ஜான் நியூட்டன் கப்பலில் புயலில் சிக்கினார், மனம் திரும்பினார், அங்கேயே பேனாவை எடுத்தார் என்று முடித்துவிடுகிறார்கள். ‘கிரேஹவுண்ட்’ கப்பல் புயலில் சிக்கியது 1748 மார்ச்சில். பாட்டு 1773 ஜனவரி 1ஆம் தேதி இங்கிலாந்தின் ஓல்னி ஊரில் அவர் செய்த புத்தாண்டுப் பிரசங்கத்துக்காக எழுதப்பட்டது. அன்றைய வேதபாடம் 1 நாளாகமம் 17ஆம் அதிகாரம், “நான் எம்மாத்திரம்” என்று தாவீது கேட்கும் இடம். அச்சில் வந்தது 1779இல். இன்று நாம் பாடும் மெட்டு இந்தச் சொற்களோடு சேர்ந்தது 1835இல், அமெரிக்காவில், வில்லியம் வாக்கர் தொகுத்த புத்தகத்தில். நியூட்டன் அந்த மெட்டில் தம் பாட்டைக் கேட்டதே இல்லை.

இடையில் இருக்கும் 25 ஆண்டுகளைத் தாவிவிட்டால் என்ன கெட்டுப்போகிறது? புயலுக்குப் பிறகும் நியூட்டன் அடிமை வியாபாரத்தில்தான் இருந்தார். அடிமைக் கப்பலுக்கே தலைவராகப் போனார். கடலை விட்டது 1754இல், அதுவும் உடல்நலக் குறைவால். அந்த வியாபாரத்தை எதிர்த்து அவர் துண்டுநூல் வெளியிட்டது 1788இல். 1860இல் ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களும், அவர்களுக்குப் பின்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களும் பெற்ற பிள்ளைகளின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், இந்த நாற்பது வருடத் தாமதத்தை மறைத்துக் கதை சொல்லக் கூடாது. தாமதத்தோடு சொன்னால்தான் ‘கிருபை’ என்ற சொல்லின் எடை தெரியும்.

‘மரபுப் பாடல்’ என்று அடியில் போடுவது

எல்லாத் தவறுகளிலும் அதிகம் எரிச்சலூட்டுவது இதுதான்.

பாடல் தாளில் இந்நாட்டு மொழிகளான ஷோசா அல்லது சூலுவில் ஒரு பாட்டு இருக்கும். யார் எழுதியது என்று தெரியாது. தேடவும் நேரமில்லை. உடனே அடியில் ‘தென்னாப்பிரிக்க மரபுப் பாடல்’ என்று தட்டச்சு செய்துவிடுவார்கள். ஆராய்ந்து கண்டறிந்த முடிவுபோலத் தோற்றம் தரும் சொல் அது. உண்மையில் அதன் பொருள் ‘நான் பார்க்கவில்லை’ என்பதுதான்.

‘மசித்தி ஆமென், சியாக்குடுமிசா’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆமென் என்போம், உம்மைத் துதிக்கிறோம்’ என்பது பொருள். தலைவர் ‘மசித்தி’ என்று எடுத்துக்கொடுக்க, சபை பதில் பாடும். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை மன்றாட்டின் முடிவில் வரும் பெரிய ஆமெனுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்தும். எத்தனையோ தாள்களில் இதற்குக் கீழே ‘மரபு’ என்றுதான் இருக்கிறது. இதை இயற்றியவர் எஸ். சி. மோலெஃபே என்ற கத்தோலிக்க இசையமைப்பாளர், ஆண்டு 1977. 1963இல் வத்திக்கான் சங்கம் வழிபாட்டை மக்கள் மொழிக்குத் திறந்துவிட்ட பிறகு, இந்நாட்டில் ஷோசா மொழித் திருப்பலிக்கென்றே இசை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். அந்தப் பாடல்களைத் தொகுத்துப் பரப்பியது லும்கோ என்ற கத்தோலிக்கப் பயிற்சி நிறுவனம். அந்தப் பணியில் முன்னின்றவர் டேவ் டார்கி என்ற இசை ஆய்வாளர். ஆக, ‘காலங்காலமாக வந்த பாட்டு’ என்று அறிவிக்கப்படும் இந்தப் பாட்டு, நம் சபையில் பல பெரியவர்களைவிட வயதில் சிறியது.

பெயர் எப்படித் தொலைகிறது? பெரும்பாலும் மூன்று வழிகளில்.

முதலாவது, எழுத்து. இந்நாட்டுப் பாடகர் குழுப் பாடல்கள் பெரும்பாலும் சோல்ஃபாவில், அதாவது ‘டோ ரே மி’யின் முதலெழுத்துகளைக் கொண்டு எழுதப்பட்டவை. ஐந்து கோட்டு இசைக்குறிப்பு மட்டும் படிக்கத் தெரிந்த வெளிநாட்டுப் பதிப்பாசிரியர் கைக்கு அந்த மூலத் தாள் போவதில்லை. யாரோ பாடக் கேட்டு அவர் புதிதாக எழுதுகிறார். கேட்டு எழுதிய தாளில் இயற்றியவர் பெயர் எங்கிருந்து வரும்?

இரண்டாவது, கற்றுக்கொடுத்தவர் அல்லது கேட்டு எழுதியவர் பெயர் மட்டும் அச்சாகி, அடுத்த பதிப்பில் அவரே ஆசிரியராகிவிடுவார். அல்லது அந்தப் பெயரும் உதிர்ந்துபோகும்.

மூன்றாவது, நகல். பக்கத்தின் அடியில் எறும்பு வரிசைபோல இருக்கும் சின்ன எழுத்தை, தாளில் இடம் போதவில்லை என்று வெட்டிவிடுவது. இதைச் செய்பவர்கள் நம்மவர்கள்தான். வெள்ளைக்காரர் மேல் பழிபோட வழியில்லை.

பெயர் தொலைந்தால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு, தேவாலயத்துக்கு வெளியிலிருந்து ஓர் உதாரணம். சாலமன் லிண்டா 1939இல் ஜோகானஸ்பர்க்கில் ‘இம்புபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். அமெரிக்காவில் அதை ஆப்பிரிக்க மரபுப் பாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். ‘ஊயிம்புபே’ என்ற சூலுச் சொல் ‘விமோவே’ என்று காதில் விழுந்து, அப்படியே உலகம் சுற்றியது. லிண்டா 1962இல் ஏழையாகவே இறந்தார். குடும்பத்தினர் வழக்காடி உடன்பாடு கண்டது 2006இல். ‘மரபு’ என்ற ஒரு சொல்லின் விலை அது.

இன்னொன்று கல்லறையிலேயே நடந்தது. ‘இங்கோசி சிகெலெலி ஆஃப்ரிகா’ பாட்டின் ஈனோக் சொன்டோங்கா, மெதடிஸ்ட் மிஷன் பள்ளி ஆசிரியர், 1897இல் முதல் சரணத்தையும் பல்லவியையும் ஷோசாவில் இயற்றினார், 1905இல் இறந்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம் எது என்று பல ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. பிராம்ஃபொன்டைன் கல்லறைப் பதிவேட்டில் ‘சொன்டோங்கா’ என்று தேடினால் கிடைக்காது. ‘ஈனோக்’ என்று பதிந்திருந்தார்கள். 1996 செப்டம்பரில்தான் அந்த இடம் தேசிய நினைவிடமானது. நாட்டுக்கே கீதம் கொடுத்தவருக்கு இந்த நிலை என்றால், ஆமென் ஒன்றை மட்டும் கொடுத்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தமிழ்ப் பாட்டில் இந்த ஆபத்து கொஞ்சம் குறைவு. கீர்த்தனைகளில் கவிஞர் தம் பெயரைக் கடைசிச் சரணத்தில் முத்திரையாக வைக்கும் வழக்கம் உண்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பாடல்கள் பலவற்றில் பார்க்கலாம். ஆனால் நேரமில்லை என்று நாம் முதலில் வெட்டுவது எதை? கடைசிச் சரணத்தைத்தான்!

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. ஒரு பாட்டுக்கு இருபது நிமிடம். முதலில், பாட்டு எந்தப் புத்தகத்திலிருந்து வந்ததோ அந்த அச்சுப் பக்கத்தையே பாருங்கள். நகலின் நகல் ஆகாது. அடிக்குறிப்பை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, வேறு நாட்டில் அச்சான இன்னொரு பாடல் புத்தகத்தில் அதே முதல் வரியைத் தேடுங்கள். ஒன்றில் ‘மரபு’ என்றும் மற்றதில் ஒரு பெயரும் இருந்தால், பெயர் இருப்பதைப் பின்தொடருங்கள். மொழி என்ன என்று குறிப்பிடுங்கள். ‘ஆப்பிரிக்க மொழி’ என்று ஒரு மொழி கிடையாது. தொகுப்பின் ஆண்டைப் பாட்டின் ஆண்டாக எழுதாதீர்கள்: ‘சியாஹம்பா’ பாட்டுக்குப் பலர் போடும் 1984, அது ஸ்வீடனில் ஆண்டர்ஸ் நைபெர்க் தொகுப்பில் அச்சேறிய ஆண்டு. பாட்டு அதற்கு முன்பே இங்கே பாடப்பட்டது.

அப்படியும் பெயர் கிடைக்கவில்லையா? ‘இயற்றியவர் பெயர் கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு ஆராதனை முடிந்ததும் யாராவது வந்து பெயரைச் சொல்ல இடமிருக்கிறது. ‘மரபு’ என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள்.

‘கும்பயா’ ஆப்பிரிக்கப் பாட்டு என்பது

இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கறுப்பினத்தவர் பாடி 1926இல் ராபர்ட் கோர்டன் பதிவு செய்தது.

ஒரு பாட்டுக்கு ஒரே ஆள் என்று நினைப்பது

தாளில் நான்கு இடம் விடுங்கள்: சொல், மெட்டு, மொழிபெயர்ப்பு, நாற்குரல் அமைப்பு. நான்கிலும் ஒரே பெயர் வருவது அபூர்வம்.

‘ஹவ் கிரேட் தௌ ஆர்ட்’ இதற்கு நல்ல பயிற்சி. 1885இல் ஸ்வீடனில் கார்ல் பூபெர்க் எழுதிய கவிதை. ஸ்வீடன் நாட்டுப்புற மெட்டு. அங்கிருந்து ஜெர்மனுக்கும் பிறகு ரஷ்ய மொழிக்கும் போனது. ரஷ்ய மொழியில் அதைக் கற்ற ஸ்டூவர்ட் ஹைன் என்ற ஆங்கில மிஷனரி ஆங்கிலத்தில் ஆக்கி 1949இல் வெளியிட்டார். சிலுவையைப் பற்றிய சரணம் பூபெர்கினுடையதல்ல, ஹைன் எழுதிச் சேர்த்தது. ‘ஸ்வீடன் கவிஞர் சிலுவையை நினைத்து உருகினார்’ என்று கதை சொன்னால் ஆளே மாறிவிடுகிறது.

கணக்கும் இங்கேதான் வருகிறது. தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு உரிமை நிற்கும். பூபெர்க் இறந்தது 1940. அவருடைய ஸ்வீடிஷ் மூலம் 1991 முதல் பொதுச்சொத்து. ஹைன் இறந்தது 1989. அவருடைய ஆங்கில வரிகளுக்கு 2039 முடியும்வரை உரிமை உண்டு. நம்மவர்கள் தமிழாக்குவது ஆங்கிலத்திலிருந்துதான். அதைப் பதிவு செய்து வெளியிட வேண்டுமென்றால் உரிமையாளரிடம் எழுதிக் கேட்க வேண்டும். திரையில் வரிகள் போடுவதற்கும் பிரதி எடுப்பதற்கும் சபை சி.சி.எல்.ஐ. (சபைப் பாடல்களுக்குப் பதிப்புரிமை அனுமதி வழங்கும் நிறுவனம்) உரிமம் வைத்திருந்தால், அதன் விதிகளில் மொழிபெயர்ப்பைப் பற்றி என்ன இருக்கிறது என்று படித்துவிட்டுத் தொடங்குங்கள். ஆல்பம் முடிந்த பிறகு கேட்பது, தாலி கட்டிய பிறகு பொருத்தம் பார்ப்பது.

எலி

‘ஸ்டில்லெ நாஃக்ட்’, அதாவது ‘சைலண்ட் நைட்’ பாட்டுக்குக் காரணம் ஆர்கன் துருத்தியைக் கடித்த எலி என்று சொல்லாதீர்கள். மோர் கவிதை எழுதியது 1816. க்ரூபர் மெட்டமைத்தது 1818 டிசம்பர் 24. எலி பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

கண்ணீரைக் கூட்டுவது

ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டின் ‘இட் இஸ் வெல்’ கதைக்குக் கூடுதல் கண்ணீர் தேவையே இல்லை. 1873 நவம்பர் 22 அன்று ‘வீல் து ஆவ்ர்’ கப்பல் மூழ்கி நான்கு பெண் பிள்ளைகளும் போனார்கள். தாய் ஆன்னா தந்தி அடித்தார்: தனியாகத் தப்பினேன் என்று. இதோடு நிறுத்தலாம். ஆனால் பிள்ளைகள் மூழ்கிய அலையின் மேலேயே, கப்பல் தளத்தில் மண்டியிட்டு எழுதினார் என்று காட்சி வளர்கிறது. நமக்குக் கிடைத்திருக்கும் கைப்பிரதி, சிகாகோவின் ப்ரிவோர்ட் ஹவுஸ் என்ற விடுதியின் பெயர் அச்சிட்ட தாளில் இருக்கிறது. விடுதித் தாளில், கரையில், கையால் எழுதிய ஒரு தகப்பன் என்று சொல்லிப் பாருங்கள், கூடம் அமைதியாகிவிடும். மெட்டு பிலிப் ப்ளிஸ் அமைத்தது, 1876இல். மெட்டுக்கு அவர் வைத்த பெயர் அந்தக் கப்பலின் பெயரே. இதை மட்டும் கதையின் கடைசி வரியாக வையுங்கள்.

‘துமா மினா’

‘என்னை அனுப்பும்’ என்பது பொருள். இந்தப் பெயரில் இரண்டு பாட்டு உண்டு, ஒன்றாக்கிவிடாதீர்கள். 2018 பிப்ரவரியில் ஜனாதிபதி ரமபோசா நாடாளுமன்றத்தில் எடுத்துச் சொன்னது இசைக்கலைஞர் ஹியூ மசெகேலா பாடியது. ஆராதனைப் பாட்டு வேறு.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அச்சிட்டுவிட்டுச் சரிபார்க்காமல் விடுவது

இளையவர்களுக்காகத் தமிழ்ப் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பது இங்கே தவிர்க்க முடியாதது; குறை சொல்வதற்கில்லை. ஆனால் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே ‘எல்’ போட்டால் ‘நானே வழி’ என்ற வசனம் ‘நானே வலி’ ஆகும். ‘ஸ்தோத்திர பலி’ செலுத்த வந்தவர் பழி செலுத்திவிட்டுப் போவார். ழகரத்துக்கு ‘இசட் எச்’ என்ற இரண்டெழுத்தை எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி போடுங்கள். ளகரத்துக்கு இரட்டை ‘எல்’ வேண்டாம், ‘பள்ளி’, ‘வெள்ளம்’ வரும்போது குழம்பும். எழுத்தின் அடியில் ஒரு புள்ளி போதும். நெடிலுக்கு எழுத்தை இரட்டியுங்கள். இல்லாவிட்டால் ‘பாடு’ ‘படு’ ஆகிவிடும்.

அச்சுக்குப் போகும் முன், தமிழ் எழுத்து தெரியாத ஒரு பிள்ளையிடம் தாளைக் கொடுத்துப் பாடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு பாட்டி கண்ணை மூடிக் கேட்கட்டும். பாட்டி சிரிக்கும் இடத்திலெல்லாம் பென்சிலால் வட்டம் போடுங்கள். பாடும்போது இதைச் செய்யாதீர்கள். மெட்டு எல்லாவற்றையும் மூடிவிடும்.