சமையலறைக்கு ஜெனரேட்டர் வாங்கிய கதை

கரண்ட் போனாலும் ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், மிக்ஸி மூன்றும் ஓட வேண்டும், என் தேவை அவ்வளவுதான். ஜெனரேட்டர் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது கீழே சின்ன எழுத்தில் இருக்கும், பார்க்க வேண்டியது அதைத்தான்.

அப்புறம் ஒவ்வொரு சாதனத்திலும் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தேன். என் ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட்தான், ஆனால் சாதாரண கம்ப்ரசர் என்பதால் கிளம்புகிற அந்தக் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். மைக்ரோவேவ் அதைவிடக் கில்லாடி: முகப்பில் உள்ள 800 வாட் உணவுக்குப் போய்ச் சேரும் சக்தி, பிளக்கில் அது இழுப்பதோ 1200-ஐ ஒட்டி. இண்டக்‌ஷன் அடுப்பு கணக்கிலேயே வேண்டாம், கேஸ் இருக்கும்போது அது எதற்கு?

கடைசியில் தொடர்ந்து 2000 வாட் தரும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் வாங்கினேன், சத்தமும் குறைவு. மைக்ரோவேவ் ஓடும் நேரம் ஃபிரிட்ஜைக் கழற்றிவிடுவேன். கதவைத் திறக்காவிட்டால் 4 மணி நேரம் வரை குளிர் நிற்கும். திரும்பச் செருகும் முன் சில நிமிடம் பொறுக்க வேண்டும், கம்ப்ரசருக்கு அது நல்லது.

வைப்பது வெளியில்தான், சன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, புகைவாய் வீட்டைப் பார்க்காமல். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். அவ்வளவு தூரத்துக்கு மெல்லிய ஒயர் சூடாகிவிடும் என்பதால் தடித்த ஒயராகவே எடுத்தேன். சுவர் பிளக்கில் ஜெனரேட்டரைச் செருகி வீடு முழுக்க ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கரண்ட் வெளியே லைனுக்கும் பாய்ந்து அங்கே வேலை செய்பவர் உயிர் போய்விடும்.