பம்பர் நிமிர்ந்தது, பீப் நிற்கவில்லை

மாத வாடகைக்கு எடுத்த காரைத் திருப்பிக் கொடுக்கும் நேரம் பார்த்து, யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் ஒழுங்கையொன்றில் பின்பம்பர் மதிலில் பட்டு நெளிந்துவிட்டது. பிளாஸ்டிக்தானே, கொதிநீர் ஊற்றி உள்ளிருந்து தள்ள 'டொக்' என்று வெளியே வந்தது. ஆனால் ரிவர்ஸ் போட்டால் வெறுங்காணியிலும் பீப் ஓயவில்லை. பின்னால் தடை இருக்கிறதா என்று ஒலியலை அனுப்பிப் பார்த்து பீப் அடிக்க வைக்கும் பம்பர் சென்சர்களைத் துடைத்தேன், பியூஸ் பார்த்தேன். கராஜில் முழு பம்பரையும் மாற்றச் சொன்னார்கள். நாள்கள் வீணானதுதான் மிச்சம்.

கடைசியில் குந்தியிருந்து பக்கவாட்டில் பார்த்தேன். நான்கு சென்சர்களில் ஒன்று மட்டும் கொஞ்சம் கீழே சாய்ந்திருந்தது. நேராக நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. நிலத்தில் பட்டுத் திரும்பும் ஒலியலையை அது தடையென்று எடுத்திருக்கிறது. உள்ளே கிளிப் கழன்றிருந்தது. 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்தினேன். சத்தம் நின்றது. சரி, மதிலின் சுண்ணாம்புத் தடம் ஈரத்துணிக்கே போய்விட்டது.